பட்டியலில் கனகா முதலில் வந்தது ஏன்?

இன்று வெளியாகும் எந்த மென்பொருளை எடுத்துக்கொண்டாலும், அதை உருவாக்கியவர் தன் கையால் எழுதிய வரிகள் அதில் கொஞ்சம்தான் இருக்கும். மருத்துவமனையில் முன்பதிவு செய்ய உதவும் ஒரு சின்னச் செயலி என்று வைத்துக்கொள்வோம். தேதி, நேரக் கணக்குக்கு ஒரு லைப்ரரி, ரசீதை பிடிஎஃப் ஆக்க இன்னொன்று, குறுஞ்செய்தி அனுப்ப மற்றொன்று, தகவலைச் சேமித்துவைக்க ஒரு தரவுத்தளம். எல்லாமே வேறு யாரோ எழுதி வைத்தவை. இவை ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய வேறு சில லைப்ரரிகளை இழுத்துக்கொண்டு வரும், அவை இன்னும் சிலவற்றை. நிரலாளர் கேட்டது நான்கு, வந்து இறங்குவது நாற்பதோ நானூறோ. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாள்காட்டிக் கணக்கையும் மறைகுறியாக்கத்தையும் ஒவ்வொரு குழுவும் அரிச்சுவடியிலிருந்து எழுதத் தொடங்கினால் உருப்படியாக ஒரு வேலையும் நடக்காது.

"இறக்கிய லைப்ரரியைச் சோதித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். "லட்சக்கணக்கான பேர் யூஸ் பண்றாங்க சார். அவங்களுக்கு வராத பிரச்சினை நமக்கு மட்டும் வந்துடுமா?" வரும். அந்த லட்சக்கணக்கான பேர் ஓட்டிப் பார்த்தது அவரவர் தரவை வைத்து, அவரவர் மொழியில், அவரவர் ஊர் நேரத்தில். நம்முடையதை வைத்து இன்னும் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

இந்த வித்தியாசத்துக்கு உலகம் கொடுத்த விலைகளில் பெரியது ஒரு ராக்கெட். 1996 ஜூன் 4 அன்று, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன் 5 தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. ஐரோப்பா பல ஆண்டு உழைத்துக் கட்டிய ராக்கெட். பூமியின் காந்த மண்டலத்தை ஆராயப் போகும் நான்கு க்ளஸ்டர் செயற்கைக்கோள்கள் அதன் தலையில் இருந்தன. புறப்பாட்டு வரிசை தொடங்கி சுமார் 40 வினாடிகளில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், அது பாதை மாறித் திரும்பி, உடைந்து வெடித்தது.

ராக்கெட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று இடைவிடாமல் கணித்துச் சொல்வது எஸ்ஆர்ஐ என்ற கருவி. ஒன்று பழுதானால் இன்னொன்று கைகொடுக்கட்டும் என்று இரண்டை வைத்திருந்தார்கள். இரண்டிலும் ஓடியது ஒரே மென்பொருள், அதுவும் பெரும்பாலும் ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுத்தது. ஏரியன் 4இல் ஒழுங்காக வேலை செய்து பெயர் வாங்கிய மென்பொருள் அது.

அந்த மென்பொருளின் ஒரு பகுதிக்கு, ராக்கெட் தரையில் நிற்கும்போது கருவியை நேர்ப்படுத்துவதுதான் வேலை. தரையைவிட்டு எழும்பிய பிறகு அந்தக் கணக்குக்குப் பொருளே இல்லை. இருந்தும் எழும்பிய பின் சுமார் 40 வினாடி வரை அதை ஓடவிட்டிருந்தார்கள். பழைய ஏரியன்களில் இறுதி நொடிகளில் இறங்குமுக எண்ணிக்கை தடைபட்டால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்காமல் சீக்கிரம் தொடர இது வசதியாக இருந்தது. ஏரியன் 5இன் ஏவும் முறையே வேறு, அதற்கு இந்த வசதி தேவையில்லை. ஆனாலும், ஒழுங்காக ஓடுகிற மென்பொருளில் ஏன் கைவைக்க வேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

அங்கே கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை, 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் ஒன்று இருந்தது. குறியோடு கூடிய 16 பிட் எண்ணில் அதிகபட்சம் 32,767 வரைதான் கொள்ளும். அதைத் தாண்டினால் என்ன செய்வது என்று நிரலில் எழுதி வைக்கலாம். இப்படி ஆபத்துள்ள மதிப்புகள் ஏழு இருந்தன, நான்குக்குக் காவல் போட்டார்கள், மூன்றை விட்டுவிட்டார்கள். அது கவனக்குறைவல்ல. கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது, அந்த மூன்று மதிப்புகளும் எல்லையைத் தொடவே தொடாது என்று கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்கள். கணக்கு சரிதான், ஏரியன் 4க்கு. ஏரியன் 5இன் தொடக்கப் பாதை வேறு மாதிரி. அதில் கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறியது.

முதன்மை எஞ்சின் பற்றிக்கொண்டு 37 வினாடி ஆகும்போது எண் எல்லையைத் தாண்டியது. தாண்டினால் கருவி பழுது என்று கொண்டு தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்டிருந்தது, நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கருவிக்குப் போகலாம் என்றால், அது அதே காரணத்தால் 72 மில்லிவினாடிக்கு முன்பே நின்றுபோயிருந்தது. நின்ற கருவி கடைசியாக அனுப்பிய பழுதுக் குறிப்பை, ராக்கெட்டின் மையக் கணினி பறக்கும் திசை என்று படித்தது. இல்லாத விலகலைச் சரிசெய்ய எஞ்சின் முனைகளை முழு அளவுக்குத் திருப்பியது. காற்றின் அழுத்தம் தாங்காமல் ராக்கெட் முறிந்தது, தன்னழிப்பு ஏற்பாடு அதை வெடிக்கச் செய்தது.

கணிதவியலாளர் ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அடுத்த மாதமே அறிக்கை கொடுத்துவிட்டது. என்னை அதிகம் யோசிக்க வைப்பது அந்த எண் மாற்றமல்ல, தரைச் சோதனையைப் பற்றி அறிக்கை சொல்வது. ராக்கெட்டின் முழு மென்பொருளையும் இணைத்துத் தரையில் பறக்கவிட்டுப் பார்க்கும் ஒத்திகை நடந்திருக்கிறது. அதில் எஸ்ஆர்ஐ கருவியை மட்டும் சேர்க்கவில்லை. அதன் இடத்தில், அதைப்போல விடை தரும் ஒரு போலி மென்பொருளை வைத்திருந்தார்கள். உண்மையான கருவிதான் ஏற்கெனவே தேறிவிட்டதே! விபத்துக்குப் பிறகு அந்த மென்பொருளுக்கு ஏரியன் 5இன் உண்மையான பாதையைக் கொடுத்து ஓட்டினார்கள். அதே இடத்தில் அதே தோல்வி வந்தது. தரையிலேயே வந்திருக்க வேண்டியது.

பக்கத்து வயல் கிணற்றில் பத்து வருஷம் மக்கர் பண்ணாமல் ஓடிய மோட்டார் என்பதற்காக அதை முந்நூறு அடி ஆழ்துளைக் கிணற்றில் இறக்குவாரா ஒரு விவசாயி? மோட்டாரில் குறை கிடையாது. அது இழுத்துப் பழகிய ஆழம் வேறு.

நிரலாளர்கள் இன்றும் அந்தப் போலிக் கருவி வேலையைத்தான் தினமும் செய்கிறார்கள். தங்கள் நிரலைச் சோதிக்கும்போது அடுத்தவரின் லைப்ரரி இருக்கும் இடத்தில் 'மாக்' என்ற பொம்மையை வைத்துவிடுவார்கள். சோதனை வேகமாக முடியும், எல்லாம் பச்சை விளக்கு காட்டும். பொம்மை எப்போதும் நாம் எதிர்பார்த்த பதிலையே சொல்லும், நாம்தானே அதற்குச் சொல்லிக்கொடுத்தோம். லைப்ரரி உண்மையில் என்ன சொல்கிறது என்பது அந்தப் பச்சை விளக்கில் தெரியாது.

சரி, ராக்கெட்டை விட்டுவிட்டு நம் கைப்பேசிக்கு வருவோம். அதற்குள் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் இருக்கிறது, ஆண்ட்ராய்டானாலும் ஐஃபோனானாலும். உலகில் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் மென்பொருள்களில் அது ஒன்று. அதன் சோதனை நிரல், மூல நிரலைப்போல சுமார் 590 மடங்கு பெரியது. இதைவிட நம்பகமான லைப்ரரியைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதில் ஐந்து பெயர்களைப் போட்டு அகர வரிசையில் கேளுங்கள். கவிதா, கனகா, கமலா, கபிலன், கலா. நம் பள்ளி வருகைப் பதிவேட்டில் கபிலன், கமலா, கலா, கவிதா, கனகா என்று வரும். எஸ்கியூலைட் கனகா, கபிலன், கமலா, கலா, கவிதா என்று கொடுக்கும். கடைசியில் நிற்க வேண்டிய கனகா வரிசையின் தலையில் நிற்கிறார். காரணம் இதுதான். நீங்கள் வேறு எதுவும் சொல்லாதவரை எஸ்கியூலைட் எழுத்தை எழுத்தாகப் பார்ப்பதில்லை, அதன் யூனிகோடு எண்களைத்தான் ஒப்பிடுகிறது. இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி என்ற பழைய குறியீட்டு வரிசையைத் தழுவி யூனிகோடில் தமிழை அடுக்கியபோது, நெடுங்கணக்கின் கடைசியில் வர வேண்டிய 'ன' போய் 'ந'வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. 'ற'வும் 'ர'வை ஒட்டி வந்துவிட்டது. ஆகவே 'ன' வரும் பெயர்கள் 'ப', 'ம', 'ல', 'வ' வரும் பெயர்களை முந்திக்கொள்கின்றன.

இது எஸ்கியூலைட்டின் பிழையா? இல்லை. இப்படித்தான் ஒப்பிடுவேன் என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த 590 மடங்கு சோதனையும் பொய்யில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறதா என்று அவர்கள் பார்த்தார்கள். நமக்கு வேண்டியதைச் செய்கிறதா என்று பார்க்க வேண்டியது நம் பாடு. மொழிகளின் அகர வரிசை அறிந்த ஐசியூ என்ற லைப்ரரியைத் துணைக்குச் சேர்த்தால் கனகா தன் இடத்துக்குப் போய்விடுவார். ஐந்து பெயர் கொண்ட ஒரு சோதனை எழுதியிருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும். எழுதாத இடங்களில் வாக்காளர் பட்டியலோ மதிப்பெண் பட்டியலோ அச்சாகி வந்த பிறகுதான் யாராவது கவனிப்பார்கள். அதற்குள், "கம்ப்யூட்டர் அப்படித்தான் சார் போடும்" என்ற சமாதானமும் தயாராகிவிடும்.

தமிழ்ப் பெயர்களை வைத்துச் சோதிக்கத் தொடங்கிவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கிருஷ்ணவேணி என்ற பெயரில் நம் கண்ணுக்குத் தெரிவது கி, ரு, ஷ், ண, வே, ணி என்று ஆறு எழுத்து. கணினியில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், எனவே பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ பதினொன்று என்று எண்ணும். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 33 பைட். பெயருக்குப் பத்து எழுத்து என்று கட்டம் போட்டிருக்கும் ஒரு படிவ லைப்ரரி, ஆறெழுத்துப் பெயரில் கடைசிக் கொக்கியை வெட்டி 'கிருஷ்ணவேண' என்று அச்சிடும். 32 பைட் என்று எல்லை வைத்திருந்தால் எழுத்தின் நடுவிலேயே கத்தி விழும், முடிவில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்த லைப்ரரியில் இது எத்தனை வருஷம் ஆனாலும் வெளியே வராது. அங்கே எழுத்தும் குறியீடும் பைட்டும் ஒன்றுக்கொன்று சமம்.

கோபால் இன்னும் தந்திரக்காரர். 'கோ' என்ற எழுத்தை 'க'வும் 'ோ' என்ற ஒரே குறியுமாகவும் சேமிக்கலாம், 'க', 'ே', 'ா' என்று மூன்று துண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் சமமாகக் கருத வேண்டும் என்று யூனிகோடு விதி சொல்கிறது, அதற்கான சீராக்கும் முறையையும் வகுத்திருக்கிறது. ஆனால் எல்லாத் தேடல் லைப்ரரியும் தானாக முன்வந்து அதைச் செய்வதில்லை. ஒரு விசைப்பலகையில் பதிந்த கோபாலை இன்னொரு விசைப்பலகையில் தேடினால் "அப்படி ஒருவர் இல்லை" என்று வரும். வரிசையில் காத்து நிற்கிற கோபாலுக்கு யூனிகோடைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம் உண்டு, தமிழ் கலந்துவிட்டால் 70 குறியீடுதான். அதைத் தாண்டும் செய்தியை லைப்ரரி எந்த இடத்தில் பிரிக்கிறது, காசு எத்தனை செய்திக்குக் கணக்காகிறது என்று அனுப்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிடிஎஃப் லைப்ரரியில் 'செல்வி' என்று எழுதிப் பாருங்கள். எழுத்துகளைக் கோத்து அடுக்கத் தெரியாத லைப்ரரி கொம்பை 'ச'வுக்கு முன்னால் போடாமல் பின்னால் போட்டுவிடும். சான்றிதழ்களிலும் ரசீதுகளிலும் இந்த இடம்மாறிய கொம்பைப் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார்.

இதையெல்லாம் செய்ய பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். லைப்ரரியைச் சேர்க்கும் அன்றே ஒரு தனிக் கோப்பில் அதனிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும், நமக்கு விடை உறுதியாகத் தெரிந்த கேள்விகளாக. இதற்குக் கற்றல் சோதனை என்று பெயர். லைப்ரரியைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு எப்படியும் சின்னச் சின்ன நிரல் எழுதி ஓட்டிப் பார்ப்போம். அதைத் தூக்கி எறிந்துவிடாமல், "இதைக் கொடுத்தால் இது வர வேண்டும்" என்ற வடிவில் எழுதி வைத்துக்கொள்வதுதான் வித்தியாசம். கேள்விகள் நம் வேலையிலிருந்து வர வேண்டும். லைப்ரரியின் ஆவணத்தில் இருக்கும் எடுத்துக்காட்டையே திரும்பக் கேட்பது வீண், அது ஓடும் என்று எழுதியவருக்கே தெரியும்.

ரூபாய்க் கணக்குப் போடுகிறவர் 2.5ஐ முழு எண்ணாக்கச் சொல்லிப் பார்க்கலாம். பைத்தான் 2 என்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் 3 என்கிறது. இரண்டுமே அந்தந்த மொழியின் விதிப்படி சரி. உங்கள் வரிக் கணக்குக்கு எது சரி என்பதை அவை முடிவு செய்ய முடியாது.

நேரத்துக்கு எனக்குப் பிடித்த கேள்வி கொழும்பைப் பற்றியது. உலக நேரத்தைவிடக் கொழும்பு எவ்வளவு முன்னால் என்று கேட்டால் ஐந்தரை மணி என்று எல்லோரும் சொல்வார்கள். இன்றைக்கு அது சரி. 1996 மே மாதம் மின்பற்றாக்குறையைச் சமாளிக்க இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஆறரை ஆக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி குறைத்து ஆறு ஆக்கினார்கள். பத்து ஆண்டுகள் அப்படியே ஓடி, 2006 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. எனவே உலக நேரம் நண்பகல் 12 மணி என்றால் கொழும்பில் என்ன மணி என்று லைப்ரரியிடம் மூன்று தேதிகளுக்குக் கேட்கலாம். 1996 ஜூலை 1க்கு மாலை 6.30, 2000 ஜனவரி 1க்கு 6.00, 2010 ஜனவரி 1க்கு 5.30 என்று வர வேண்டும். மூன்றுக்கும் 5.30 என்று சொன்னால், அந்த லைப்ரரி இன்றைய கணக்கை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறது. அந்தப் பத்தாண்டுகளில் பிறந்த ஒருவரின் பிறந்த நேரத்தை அது அரை மணி மாற்றிச் சொல்லும். ஜாதக மென்பொருள் விற்கிறவர்களாவது இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது, லக்னம் மாறிப்போக அரை மணி போதும்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை, அங்கே ஐந்தரையே நீடித்தது. உலகம் முழுதும் நேர லைப்ரரிகள் நம்பியிருக்கும் டிஇசட் தரவுத்தளத்தில் இலங்கைக்கு இருப்பது 'ஆசியா/கொழும்பு' என்ற ஒரே பதிவு. 2000இல் கிளிநொச்சிக் கடிகாரம் என்ன காட்டியது என்று அதனிடம் கேட்டால் தப்பான விடைதான் வரும். லைப்ரரியைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது. ஆனால் அந்தப் பகுதியின் பிறப்புப் பதிவுகளைக் கையாளும் மென்பொருள் எழுதுகிறவருக்கு, லைப்ரரியை நம்பி நிறுத்த வேண்டிய இடம் எது என்பது தெரிந்தாக வேண்டும்.

விடை நமக்கே தெரியாத கேள்விகளை என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 2000இல் ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோன் க்ளாசனும் ஜான் ஹியூஸும் க்விக்செக் என்ற கருவியை விவரித்துக் கட்டுரை எழுதினார்கள். அதில் நாம் விடையைச் சொல்வதில்லை, விடைக்கு இருக்க வேண்டிய குணத்தைச் சொல்கிறோம். ஒரு கோப்பைச் சுருக்கி மறுபடி விரித்தால் பழைய கோப்பே வர வேண்டும். வரிசைப்படுத்தியதை இன்னொரு முறை வரிசைப்படுத்தினால் எதுவும் அசையக் கூடாது. இப்படிச் சொல்லிவிட்டால், கருவி தானே நூற்றுக்கணக்கான உள்ளீடுகளைத் தாறுமாறாக உருவாக்கி லைப்ரரிமேல் வீசிப் பார்க்கும். வெற்றுச் சரம், எதிர்மறை எண், யாரும் யோசிக்காத குறியீடு எல்லாம் அதில் வரும். பைத்தானில் ஹைப்பாதிசிஸ் என்ற பெயரில் இதே ஏற்பாடு இருக்கிறது.

தாறுமாறாக வீசுவதன் பலன் ஒரு மழை இரவில் தெரிந்தது. 1988இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பு வழியாகக் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். வெளியே புயல். கம்பியில் புகுந்த இரைச்சல் அவர் தட்டாத எழுத்துகளையெல்லாம் உள்ளே அனுப்ப, அன்றாடம் பயன்படுத்தும் யூனிக்ஸ் நிரல்கள் சுருண்டு விழுந்தன. எரிச்சல்படுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், குப்பை எழுத்துகளை வேண்டுமென்றே ஊட்டிப் பார்க்கும்படி தன் மாணவர்களுக்கு வேலை கொடுத்தார். சோதித்த நிரல்களில் கால்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை செயலிழந்தன. ஃபஸ் சோதனை என்ற துறை அப்படிப் பிறந்தது.

2014இல் உலகை உலுக்கிய ஹார்ட்பிளீட் ஓட்டையும் இந்த வகைதான். "இதோ 64 ஆயிரம் பைட் அனுப்புகிறேன், திருப்பிக் கொடு" என்று பொய் சொல்லி ஒரே ஒரு பைட் அனுப்பினால், இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி அதை நம்பித் தன் நினைவகத்திலிருந்து மீதியை எடுத்துக் கொடுத்தது. அதில் கடவுச்சொற்களும் போயின. நேர்மையானவர்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தவரை இரண்டு ஆண்டுகள் எல்லாம் சரியாகவே நடந்தன.

இப்படிச் சோதிப்பதற்கும் எல்லை உண்டு. பைத்தானுக்காக டிம் பீட்டர்ஸ் உருவாக்கி, பிறகு ஜாவாவும் ஆண்ட்ராய்டும் எடுத்துக்கொண்ட டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையில் பிழை இருப்பது 2015இல்தான் தெரியவந்தது. சோதித்துக் கண்டதல்ல, அது சரியானது என்று கணித முறையில் நிரூபிக்க முயன்ற ஆய்வாளர்களுக்கு நிரூபணம் கைகூடாமல் போனதால் கண்டது. ஜாவாவில் அந்தப் பிழை தலைகாட்ட, 6.7 கோடி உறுப்புகளைக் குறிப்பிட்ட ஒரு விதத்தில் அடுக்க வேண்டும். பத்தாயிரம் மாணவர் பெயரை அடுக்குகிற கல்லூரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இப்படிப்பட்ட பிழைகளுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதைவிட, "இந்த லைப்ரரியை இத்தனை பதிவுகள் வரை, இன்னின்ன மொழிகளில், இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரையுள்ள தேதிகளுக்குச் சோதித்திருக்கிறோம்" என்று ஒரு வரி எழுதி வைப்பது உருப்படியான வேலை. ஏரியன் 4இன் கணக்குக்கு எல்லை இருந்தது. அதை ஏரியன் 5 கட்டியவர்களின் கண்ணில் படுகிற இடத்தில் யாரும் வைக்கவில்லை.

சோதித்துச் சேர்த்தாயிற்று, இனி அக்கடா என்று இருக்கலாமா? லைப்ரரி அப்படியே இருக்காதே. 2010இல் ஃபெடோரா 14 லினக்ஸுக்கு மாறியவர்கள் சிலருக்கு ஃப்ளாஷ் வீடியோக்களின் ஒலி கரகரக்கத் தொடங்கியது. ஃப்ளாஷில் யாரும் எதையும் மாற்றவில்லை. அடியில் இருந்த ஜிலிப்சி லைப்ரரியில், நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னொரு இடத்துக்கு நகலெடுக்கும் மெம்காப்பி என்ற செயல்கூறை, புதிய பிராசசர்களில் வேகமாக ஓடட்டும் என்று கடைசியிலிருந்து தொடக்கத்துக்கு நகலெடுக்கும்படி மாற்றியிருந்தார்கள். மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆவணத்தில் காலங்காலமாக எழுதியிருக்கிறது. ஃப்ளாஷ் அப்படித்தான் பயன்படுத்தி வந்தது, முன்னாலிருந்து நகலெடுத்தவரை அது யாருக்கும் தெரியவில்லை. லைப்ரரிக்காரர்கள் விதியை மீறவில்லை, பாட்டுக் கேட்டவர்களுக்கோ பாட்டுக் கெட்டது. லைப்ரரி வாக்குக் கொடுக்காத ஒன்றின்மேலும் நம்மையறியாமல் சாய்ந்துகொள்கிறோம். அது விலகும்போதுதான் சாய்ந்திருந்தது தெரியும்.

முதல் நாள் எழுதிய அந்தக் கோப்பின் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. லைப்ரரியின் எந்தப் பதிப்பு என்பதைப் பூட்டி வைத்துக்கொண்டு, புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பழைய கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். கனகா இடம் மாறினால், கொழும்பு நேரம் அசைந்தால், வாடிக்கையாளர் சொல்வதற்கு முன் நமக்குத் தெரிந்துவிடும். "சின்ன அப்டேட்தான்" என்பதை நம்ப வேண்டாம். சின்னது எது என்று முடிவு செய்தவர் உங்கள் நிரலைப் பார்த்ததில்லை.

சோதனையில் சிக்காத ஆபத்துகளும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. 2016 மார்ச்சில், ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் லெஃப்ட்பேட் என்ற பதினொரு வரி லைப்ரரியை அதன் ஆசிரியர் ஒரு தகராறில் பொதுக் கிடங்கிலிருந்து விலக்கிக்கொண்டார். உலகெங்கும் ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் கட்டமைக்க முடியாமல் சில மணி நேரம் நின்றன. 2024இல் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் லைப்ரரியில் நடந்தது சதி. ஆண்டுக்கணக்கில் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர், லினக்ஸ் கணினிகளுக்குள் நுழையும் கள்ள வழியை, சோதனைக் கோப்புகள் என்று பெயரிட்டவற்றுக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தார். சுருக்கிப் பார்த்தாலும் விரித்துப் பார்த்தாலும் சரியான விடையே வந்திருக்கும். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் தோண்டப் போய்த்தான் அது அகப்பட்டது. விடையோடு நேரத்தையும் அளந்து குறித்து வையுங்கள் என்று சொல்ல இது ஒன்றே போதும்.

எல்லா லைப்ரரிக்கும் இத்தனை பாடு தேவையா என்றால், தேவையில்லை. திரையில் பட்டாசு வெடிக்கவைக்கும் லைப்ரரி ஒரு நாள் வெடிக்காமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. பணம், தேதி, மனிதர் பெயர், மருந்தின் அளவு, கடவுச்சொல் ஆகியவற்றைத் தொடும் லைப்ரரிகளுக்குக் கட்டாயம் தேவை. எங்கே இரண்டு வரியில் நாமே எழுதிவிட முடியுமோ அங்கே லைப்ரரியே தேவையில்லை.

தமிழில் வேலை செய்யும் நிரலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு லைப்ரரி கிருஷ்ணவேணியை வெட்டினாலோ செல்வியின் கொம்பை இடம் மாற்றினாலோ, உங்கள் பக்கம் மட்டும் ஒட்டுப்போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். என்ன கொடுத்தீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது, எந்தப் பதிப்பு என்ற நான்கையும் சேர்த்து, தோற்ற அந்தச் சோதனையை அப்படியே லைப்ரரி எழுதியவர்களுக்கு அனுப்புங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் தெரியாது, சம்பளமும் இல்லாமல்தான் பராமரிக்கிறார்கள். ஓட்டிப் பார்க்கத் தயாராக ஒரு சோதனை வந்தால் திருத்துவது அவர்களுக்கு எளிது. அது அவர்களுடைய சோதனைத் தொகுப்பில் ஏறிவிட்டால், அடுத்த பதிப்பிலிருந்து உங்கள் தமிழ்ப் பெயர்களை வைத்து அவர்களே சோதித்துக்கொள்வார்கள்.